கப்பலில் குமட்டலா? கப்பல் செவிலியரிடம் கேளுங்கள்

பயணிகள் கப்பல்களின் மருத்துவ அறையில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். விடுமுறைக்குக் கப்பல் ஏறப் போகிறவர்கள் கேட்டிருந்த கேள்விகளில் பொதுவாகப் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். யாருக்கு எந்த அளவு மருந்து என்பதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

திருச்சி ஆசிரியை: சிஸ்டர், ஏற்காட்டுப் பஸ்ஸில் இரண்டாவது வளைவிலேயே எனக்கு வாந்தி வந்துவிடும். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போகும் மூன்று இரவுக் கப்பலுக்கு வீட்டில் எல்லோருமாகப் பணம் கட்டிவிட்டார்கள். நான் போகலாமா?

தாராளமாகப் போகலாம். பஸ்ஸில் வருவதும் கப்பலில் வருவதும் ஒரே தொல்லைதான். உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு "ஆடுகிறோம்" என்கிறது. அறைச் சுவரைப் பார்க்கும் கண் "அசையவே இல்லை" என்கிறது. இரண்டில் எதை நம்புவது என்று மூளை குழம்புவதன் விளைவுதான் குமட்டல். உள்காதின் அந்த உறுப்பு முற்றிலும் செயலிழந்தவர்களுக்குக் கப்பல் எப்படி ஆடினாலும் வாந்தி வருவதில்லை என்பது இதற்கு நல்ல சான்று.

உங்கள் வழித்தடமும் நல்ல வழித்தடம். மலாக்கா நீரிணைக்கு ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலேசியா. பெரிய அலை எழ இடமில்லை. அதே சிங்கப்பூரிலிருந்து டிசம்பரில் வியட்நாம் பக்கம் போவதாகச் சொல்லியிருந்தால் இரண்டு முறை யோசிக்கச் சொல்லியிருப்பேன். வடகிழக்குப் பருவக்காற்றில் தென்சீனக் கடல் முரடாக இருக்கும்.

ஆனால் ஒன்று. உடல் கப்பலின் ஆட்டத்துக்குப் பழக இரண்டு மூன்று நாள் ஆகும். மூன்று இரவுப் பயணத்தில் உடல் பழகி முடிக்கும்போது நீங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். ஆகவே "போகப் போகச் சரியாகிவிடும்" என்று இருக்காதீர்கள். முதல் நாளே முன்னேற்பாடு தேவை.

கோவையிலிருந்து ஒருவர்: மேல்தளத்தில், கப்பலின் முன்முனையில் பால்கனி அறை தள்ளுபடியில் கிடைக்கிறது. எடுக்கலாமா?

அது ஏன் தள்ளுபடியில் கிடைக்கிறது என்று யோசித்தீர்களா? சீசா பலகையின் நடுவில் இருப்பவர் அசைவது கொஞ்சம், நுனியில் இருப்பவர் எகிறுவது அதிகம். கப்பலும் அப்படித்தான். முன்முனை ஒவ்வோர் அலைக்கும் மேலே போய்க் கீழே இறங்கும். உயரம் கூடக்கூடப் பக்கவாட்டு ஆட்டமும் கூடும். நீளத்தில் நடுப்பகுதி, உயரத்தில் கீழ்த்தளம்: வாந்திக்குப் பயப்படுகிறவர்கள் கேட்டு வாங்க வேண்டிய அறை இதுதான். விலையும் பெரும்பாலும் குறைவாக இருக்கும்.

"எங்கள் கப்பலில் ஆட்டத்தைத் தடுக்கும் கருவி இருக்கிறது" என்று விற்பனையாளர் சொல்வார். உண்மைதான். நீர்மட்டத்துக்குக் கீழே இரு பக்கமும் துடுப்பு போல நீளும் தகடுகள் அவை. பக்கவாட்டு ஆட்டத்தை நன்றாகவே குறைக்கும். ஆனால் முன்னும் பின்னுமாகத் தூக்கிப் போடுவதை அவை தடுக்காது. வயிற்றை அதிகம் கலக்குவது மெதுவாக மேலே போய்க் கீழே வரும் அசைவுதான். ஏறக்குறைய 5 வினாடிக்கு ஒருமுறை எழுந்து தாழ்வது மிக மோசம்.

சன்னல் இல்லாத உள்ளறை மலிவு. தூங்க மட்டும் போவதென்றால் பரவாயில்லை. பகலில் அங்கே உட்கார்ந்து கைப்பேசி பார்க்காதீர்கள்.

மதுரை வாசகர்: மருந்துக்கடையில் ஒண்டான்செட்ரான் கொடுத்தார்கள். போதுமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். நம் ஊரில் வாந்தி என்றாலே கடைக்காரர் கை நீளும் மாத்திரை அது. புற்றுநோய் மருந்தால் வரும் வாந்திக்கும் வயிற்றுப்போக்கோடு வரும் வாந்திக்கும் அருமையான மருந்து. ஆட்டத்தால் வரும் குமட்டலைத் தடுப்பதில் அது வலுவற்றது, ஏனென்றால் இந்தக் குமட்டல் வரும் பாதையே வேறு. டோம்பெரிடோனும் அப்படியே. ஜலதோஷத்துக்குப் போடும் செட்ரிசின் போன்ற தூக்கம் தராத மாத்திரைகளும் உதவாது. மூளைக்குள் போய் வேலை செய்யும் பழைய ரக மருந்துகள்தான் இதற்குச் சரி. தூக்கம் வருவது அதற்கு நாம் கொடுக்கும் விலை.

இந்தியாவில் எளிதாகக் கிடைப்பவை: புரோமெத்தசின் தியோகிளேட் (அவோமின்), சின்னரிசின் (ஸ்டுஜெரான்), சின்னரிசினும் டைமென்ஹைட்ரினேட்டும் சேர்ந்த ஸ்டுஜில். வெளிநாட்டுக் கப்பல்களில் பெரும்பாலும் மெக்லிசின் கொடுப்பார்கள். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமின் பட்டை மூன்று நாள் வேலை செய்யும். கிளம்புவதற்குக் குறைந்தது நான்கு மணி நேரம் முன்பு ஒட்ட வேண்டும். ஒட்டிய கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்த்தால் பார்வை மங்கிப் போகும்.

எந்த மருந்தானாலும் கப்பல் நகரும் முன்பே போட்டாக வேண்டும். மாத்திரையானால் ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு. நீண்ட பயணத்துக்கு அவோமினை முந்தைய இரவே போடலாம். குமட்ட ஆரம்பித்ததும் இரைப்பை வேலையை மந்தமாக்கிவிடும். பிறகு விழுங்கும் மாத்திரை பாதி நேரம் வாந்தியோடு வெளியே வரும். புறப்படுவதற்குச் சில நாள் முன்பு வீட்டில் ஒரு மாத்திரை போட்டு, எவ்வளவு தூக்கம் வருகிறது என்று பார்த்துவிடுங்கள். மாத்திரையோடு மது கூடவே கூடாது.

சென்னையிலிருந்து ஒரு மகள்: அப்பாவுக்கு 68 வயது. சர்க்கரை, கண் நீர் அழுத்தம் இரண்டும் உண்டு. புராஸ்டேட் மாத்திரையும் சாப்பிடுகிறார்.

அம்மா, மேலே சொன்ன மருந்துகளைப் பார்த்து நீங்களாக எதையும் வாங்கிக் கொடுக்க வேண்டாம். இவற்றில் பல கண் அழுத்தத்தைக் கூட்டலாம், சிறுநீரை அடைக்கலாம். ஸ்கோபோலமின் பட்டையைத் தொடவே வேண்டாம். பார்க்கின்சன் நோய் உள்ளவர்களுக்குச் சின்னரிசின் ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பலரும் மறந்துவிடுவது சர்க்கரை மாத்திரையை. காலையில் கிளிமிபிரைடு போட்டுக்கொண்டு, சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். சாப்பிட முடியாத நாளில் மாத்திரையை, இன்சுலினை எப்படி மாற்றுவது என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சர்க்கரை பார்க்கும் கருவி கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டியில் வைத்தால் அது அறைக்கு வந்து சேர மாலையாகலாம்.

ஆறுதலான செய்தி: வயதானவர்களுக்கு இந்தத் தொல்லை பொதுவாகக் குறைவு.

சேலத்திலிருந்து: ஐந்து வயதுப் பெண்ணும் ஒன்றரை வயதுப் பையனும் இருக்கிறார்கள்.

பையனைப் பற்றிக் கவலை வேண்டாம். இரண்டு வயதுக்குள் இது அரிது. புரோமெத்தசினை அந்த வயதில் கொடுக்கவே கூடாது, மூச்சையே பாதிக்கும். பெண்ணைக் கவனியுங்கள். அதிகம் பாதிக்கப்படுவது 2 முதல் 12 வயது வரை. எடைக்கேற்ற அளவைக் குழந்தை மருத்துவர் சொல்லட்டும்.

கும்பகோணம் இல்லத்தரசி: இஞ்சி, நாரத்தங்காய், எலுமிச்சம்பழம் இவையெல்லாம் வீண்தானா அக்கா?

வீண் இல்லை அம்மா. இஞ்சிக்கு ஓரளவு பலன் இருப்பதாக ஆய்வுகளே சொல்கின்றன. இஞ்சி மரப்பா, சுக்கு எதுவானாலும் சரி. உப்பு நாரத்தங்காயை வாயில் அடக்கிக்கொள்வதும் எலுமிச்சையை முகர்வதும் நோயைத் தடுக்காது. சமையல் வாடை, டீசல் வாடையிலிருந்து மனத்தைத் திருப்பும். அதுவே பாதி நிம்மதி. மணிக்கட்டில் கட்டும் அழுத்தப் பட்டையைப் பற்றி ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. கட்டினால் நட்டமில்லை, ஆனால் அதை மட்டும் நம்பி ஏறாதீர்கள்.

வெறும் வயிற்றோடு ஏறுவது தவறு. இட்லி, ரசம் சாதம், பிஸ்கட் என்று எண்ணெய் இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். கப்பல் விருந்தில் முதல் நாளே கொடுத்த பணத்தைத் திரும்ப எடுக்க முயன்றவர்கள்தான் நடுராத்திரியில் என் அறைக்கதவைத் தட்டுவார்கள்.

ஓர் இளைஞர்: எல்லாவற்றையும் மீறி வாந்தி ஆரம்பித்துவிட்டால்?

வெளித்தளத்துக்கு, முடிந்தால் கப்பலின் நடுப்பகுதிக்குப் போய், தொடுவானத்தைப் பாருங்கள் தம்பி. பக்கத்து அலையைப் பார்க்காதீர்கள், தொடுவானம் மட்டும்தான் அசையாமல் இருக்கும். கைப்பிடியை விடாதீர்கள், விளிம்பில் எட்டிக் குனிந்து வாந்தி எடுக்காதீர்கள். பை கேளுங்கள், தருவார்கள். நிற்க முடியவில்லை என்றால் அறையில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடுங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசலை மடக்கு மடக்காகக் குடியுங்கள். தண்ணீர்கூடத் தங்காமல் மணிக்கணக்காகத் தொடர்ந்தால் மருத்துவ அறைக்கு வாருங்கள். ஊசி போட்டால் பெரும்பாலோர் தூங்கி எழும்போது தெளிந்துவிடுவார்கள். அங்கே கட்டணம் அதிகம். பயணக் காப்பீடு எடுத்திருந்தால் பில்லைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

கடும் தலைவலி, நெஞ்சு வலி, காய்ச்சல், இரத்த வாந்தி இருந்தால் அதைக் கப்பல் ஆட்டத்தின் மேல் பழி போட்டுப் படுத்திருக்காதீர்கள்.

தூத்துக்குடி நண்பர்: நாங்கள் கடற்கரைக்காரர்கள். எங்களுக்கெல்லாம் வராது.

வள்ளத்தில் போய்ப் பழகியவருக்கு வராமல் இருக்கலாம். கடற்கரையில் காற்று வாங்கியவருக்கு அந்த உத்தரவாதம் இல்லை ஐயா. இங்கிலாந்தின் கடற்படைத் தளபதி நெல்சனுக்கே கடைசிவரை இந்தத் தொல்லை இருந்தது. 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் உலகைச் சுற்றிய டார்வின், பயணம் முழுக்க அவதிப்பட்டார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வேலூரிலிருந்து: சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பலில் போக எந்த மாதம் நல்லது?

பிப்ரவரி, மார்ச். வங்கக் கடல் அப்போதுதான் அடங்கியிருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். ஏறக்குறைய மூன்று நாள் நடுக்கடல், வழியில் இறங்க இடமில்லை.

பெயர் வேண்டாம் என்றவர்: ஐந்து மாதக் கர்ப்பம்.

மகப்பேறு மருத்துவரைக் கேட்காமல் எந்த மாத்திரையும் வேண்டாம். பல நிறுவனங்கள் 24 வாரத்துக்கு மேல் ஏற்றுவதில்லை; பயணம் முடியும் நாளை வைத்துக் கணக்கிடுவார்கள். முதலில் அதைப் பாருங்கள்.

ஈரோட்டிலிருந்து: சென்ற வாரம் இறங்கினேன். குளிக்கும்போது குளியலறையே ஆடியது. பயந்துவிட்டேன்.

கப்பலின் ஆட்டத்துக்குப் பழகிய மூளை, ஆடாத தரைக்குத் திரும்பப் பழகுகிறது. பெரும்பாலும் இரண்டு நாளில் போய்விடும். உங்களுக்கு ஒரு வாரம் கழித்தும் இருக்கிறது என்றால் இன்னும் சில நாள் பாருங்கள். ஒரு மாதத்தைத் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கப்பல் பயணம் போனதைச் சொல்லிக் காட்டுங்கள், சொல்லாவிட்டால் அவருக்குத் தோன்றாமல் போகலாம். அதுவரை வண்டி ஓட்ட வேண்டாம், குளிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு நிற்கவும் வேண்டாம்.