ஒரே பார்ட்டியில் இரண்டு திருடர்கள்

கேள்வி: டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் ஐந்து பேர் ஒரே பார்ட்டியாக (குழுவாக) டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஐந்தாம் பதிப்பு) ஆடப்போகிறோம். ஆளுக்கொரு கேரக்டராக நடித்துக் கதையை நகர்த்தும் ஆட்டம் அது. மூன்று நாள் உட்கார்ந்து ஒரு ரோக் (திருடன்) கேரக்டரை எழுதினேன். பெற்றோரைப் பறிகொடுத்தவன், யாரையும் நம்பாதவன், பழிவாங்கத் துடிப்பவன். பதிவேற்றப் போனால் இன்னொருவர் கிட்டத்தட்ட அதையே போட்டிருக்கிறார். நான் கிளாஸை (கேரக்டரின் தொழில்வகையை) மாற்றிவிட வேண்டுமா?

வேண்டாம், அவசரப்படாதீர்கள். 1974-ல் இந்த ஆட்டம் வெளிவந்தபோது கிளாஸே மூன்றுதான். திருடன் 1975-ல்தான் வந்தான். நாலு பேர் கூடினாலே யாராவது இருவர் ஒரே கிளாஸாக இருந்துதான் தீர வேண்டும். அப்படியும் ஆடினார்கள். டன்ஜன் வேர்ல்ட் போன்ற ஆட்டங்களில் ஒரு கிளாஸுக்கு ஒருவர்தான் என்று விதியே உண்டு. உங்கள் ஆட்டத்தில் அது இல்லை.

சண்டையில் பார்த்தால் இரண்டு ரோக் இருப்பது லாபம்கூட. எதிரிக்கு ஐந்தடிக்குள் நம் ஆள் ஒருவர் நின்றாலே ரோக்கின் கூடுதல் அடியான ஸ்னீக் அட்டாக் கிடைக்கும் அல்லவா? ஒரே எதிரியின் இரண்டு பக்கமும் நீங்கள் இருவரும் நின்றால், ஒருவர் தயவில் மற்றவருக்குக் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

இடிப்பது வேறு இடத்தில். பூட்டிய கதவு ஒன்று வருகிறது. டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) விவரித்து முடித்ததும் மற்ற மூவரும் யாரை எதிர்பார்ப்பார்கள்? நேரில் மேஜையைச் சுற்றி ஆடினால் கண் ஜாடையிலேயே விட்டுக்கொடுத்துவிடலாம். வாய்ஸ் சேனலில் அதற்கு வழியில்லை. மைக்கை முதலில் ஆன் செய்தவருக்கே பூட்டு. எழுத்தில் ஆடும் குழு என்றால் இன்னும் மோசம். நான் டிஎம்மாக இருந்த ஓர் ஆட்டத்தில் இரண்டு பேர் துப்பறியும் ஆசாமிகள். ஒருவர் சென்னை, மற்றவர் டொராண்டோ. சென்னைக்காரர் காலையில் எழுந்து பார்ப்பதற்குள் கொலை நடந்த அறையை டொராண்டோக்காரர் சல்லடை போட்டுச் சலித்து முடித்திருப்பார். மூன்று வாரம் ‘நானும் அவர் பின்னால் போகிறேன்’ என்றே எழுதினார் சென்னைக்காரர். நாலாவது வாரம் ஆளைக் காணோம். அதைக் கவனிக்காமல் விட்டது என் தப்பு.

அதனால் பேசிப் பிரித்துக்கொள்ள வேண்டியது அந்தத் தருணங்களைத்தான். பூட்டு யாருக்கு, உளவு யாருக்கு, காவலாளியிடம் புளுகப்போவது யார்? விதியும் இதற்கு இடம் தருகிறது. 2014 விதிநூல்படி ரோக் 11 ஸ்கில்களிலிருந்து (திறமைகளிலிருந்து) நான்கை எடுக்கலாம். இருவரும் ஒன்றில்கூட மோதிக்கொள்ளாமல் எட்டு எடுத்தாலும் மூன்று மிச்சம். ஸ்டெல்த் (பதுங்கல்), அக்ரோபாட்டிக்ஸ் (உடல் வித்தை), பெர்செப்ஷன் (கூர்ந்து கவனித்தல்), ஸ்லைட் ஆஃப் ஹேண்ட் (கைச்சாமர்த்தியம்) எடுத்தவர் ஓடு பிரித்து இறங்கும் திருடன். டிசெப்ஷன் (ஏமாற்றுதல்), இன்சைட் (மனதைப் படித்தல்), பெர்சுவேஷன் (பேசி இணங்கவைத்தல்), இன்வெஸ்டிகேஷன் (துப்பறிதல்) எடுத்தவர் வாசல் வழியாகவே வந்து, காபி குடித்துவிட்டு, பத்திரத்தில் கையெழுத்தும் வாங்கிப்போகும் மோசடிப் பேர்வழி. இரண்டும் ரோக்தான், ஆனால் ஒரே ஆள் என்று யார் சொல்வார்கள்? ஒரு ஸ்கில்லின் தேர்ச்சி போனஸை இரட்டிப்பாக்கும் எக்ஸ்பர்டீஸையும் இதே மாதிரி வெவ்வேறாகப் போடுங்கள். பூட்டுத் திறக்கும் கருவிகளில் அது ஒருவருக்கு மட்டும் இருந்தால் போதும். ஸ்டெல்த் மட்டும் இரண்டு பேரிடமும் இருந்தால் கெடுதல் இல்லை. பார்ட்டியாகப் பதுங்கும்போது பாதிப் பேர் தேறினாலே எல்லோரும் தேறியதாகக் கணக்கு.

எனக்கு உண்மையில் கவலை தருவது உங்கள் பேக்ஸ்டோரிதான் (கேரக்டரின் முன்கதை). யாரையும் நம்பாத இரண்டு பேர் விடுதியின் இரண்டு மூலையிலும் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தால், யார் யாரோடு பேசுவது? ஒருவருக்காவது பெற்றோரை உயிரோடு விடுங்கள். மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்பும் திருடனை வைத்து டிஎம் ஆறு மாதம் கதை ஓட்டலாம். எழுதியதைத் தூக்கிப்போட மனம் வரவில்லையா? சரி, இரண்டு கதையையும் முடிச்சுப் போட்டுவிடுங்கள். இருவர் குடும்பத்தையும் அழித்தவன் ஒருவனே. மற்றவர் அவனைக் கொல்லத் தேடுகிறார், நீங்கள் ஏன் செய்தான் என்று கேட்கத் தேடுகிறீர்கள். அவன் கையில் கிடைக்கும் நாளில் நீங்கள் இருவரும் எதிரெதிரே நிற்பீர்கள். நான் டிஎம்மாக இருந்தால் அந்தக் காட்சிக்காகவே காத்திருப்பேன்.

முதலில் டிஎம்மிடம் போகாதீர்கள், புகார் மாதிரி ஆகிவிடும். அந்த நண்பருக்கே தனியாக ஒரு மெசேஜ் போடுங்கள்: “பாஸ், நம்ம ரெண்டு பேர் கேரக்டரும் இரட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கு. பூட்டு, பதுங்கல் எல்லாம் நீங்க வெச்சுக்கறீங்களா? ஆளை ஏமாத்தற வேலையை நான் எடுத்துக்கறேன்.” முதலில் பதிந்தவர் அவர் என்பதால் பேச்சு வேலைதான் வேண்டும் என்று அவர் சொன்னால் கொடுத்துவிட்டு நீங்கள் ஓடு பிரித்து இறங்குங்கள். இரண்டும் எனக்கே என்றால் மட்டும் டிஎம்மைக் கூப்பிடுங்கள்.