ஆயில் ஃபில்டரை அறுத்துப் பார்த்த பிறகு எஃப்.டி.யைத் தொடுங்கள்

கேள்வி: பெங்களூரு இந்திராநகரில் வசிக்கிறேன். 2007 மாடல் போர்ஷே பாக்ஸ்டர் 2.7 காரை மூன்று வருடம் முன்பு 16 லட்சத்துக்கு வாங்கினேன். அதன்பின் சர்வீஸே செய்யவில்லை. இப்போது எஸ்டிமேட் 5.4 லட்சம்: ஆயில், பிரேக் ஃப்ளூயிட் 45,000; நான்கு டயர் 90,000; வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், கூலன்ட், பெல்ட் 85,000; பிளக், காயில் 60,000; சஸ்பென்ஷன் ஆர்ம் 1.1 லட்சம், மேல்கூரைத் துணி 1 லட்சம், சீட் லெதர் 50,000. எஃப்.டி. 8 லட்சம் இருக்கிறது. மாதச் செலவு 1 லட்சம் போக 40,000 மிஞ்சும். பர்சனல் லோன் வாங்கவா, எஃப்.டி.யை உடைக்கவா? அப்படியே விற்றால் 12 லட்சம் கிடைக்கும்.

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். இந்த மாத மிச்சத்தோடு ஐயாயிரம் சேர்த்து ஆயில், பிரேக் ஃப்ளூயிட் வேலையை மட்டும் முடியுங்கள்.

காரணம் இருக்கிறது. உங்கள் எஞ்சினுக்குள் சுழலும் ஒரு தண்டைத் தாங்கும் இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங் என்று ஒன்று உண்டு. 2007 மாடலில் இருப்பது பெரிய அளவு. முந்தைய மாடல்களைவிடக் குறைவாகவே பழுதாகும். ஆனால் பழுதானால் எஞ்சினை முழுக்கப் பிரிக்காமல் மாற்ற முடியாது. அந்தச் செலவு காரின் விலையையே எட்டிவிடலாம். எனவே பழைய ஃபில்டரின் காகித மடிப்பை உங்கள் கண்முன் அறுத்து விரிக்கச் சொல்லுங்கள். காந்தத்தை அருகில் கொண்டுபோங்கள். ஒட்டிக்கொள்ளும் துகள்கள் (பேரிங் தேய்ந்தால் வரும் இரும்புத் தூள்) நிறைய வந்தால் மற்ற வேலை எதையும் தொடாதீர்கள். விஷயத்தை வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்லி, கிடைக்கும் விலைக்கு விற்றுவிடுங்கள். சொந்த உபயோகக் கார் வருமான வரிச் சட்டப்படி மூலதனச் சொத்து அல்ல. விற்பதில் வரும் நஷ்டத்தை வேறு லாபத்தில் கழிக்க முடியாது. புது ஆயில் போர்ஷே ஏ40 தரச்சான்று உள்ளதாக இருக்கட்டும்.

ஃபில்டர் சுத்தமா? அடுத்தது டயரும் கூலன்ட் வேலையும், 1.75 லட்சம். வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், பெல்ட் மூன்றையும் ஒரே நாளில் செய்யுங்கள். கூலன்டை ஒருமுறை இறக்கினால் போதும், லேபர் மிச்சம். பம்பின் பிளாஸ்டிக் இறக்கை உடைந்தால் துண்டுகள் கூலன்ட் பாதைக்குள் போய்ச் சிக்கும்; அதற்குப் பிறகு 85,000-இல் முடியாது. முன் பம்பரையும் கழற்றச் சொல்லுங்கள். பெங்களூரு மரங்களின் சருகெல்லாம் ரேடியேட்டருக்கும் ஏ.சி. கண்டென்சருக்கும் நடுவே மெத்தைபோல அடைந்துகிடக்கும். சில்க் போர்டு சந்திப்பின் டிராஃபிக்கில் சூடேறுவதற்கு அதுவே போதும்.

பணம் எங்கிருந்து? ஆறு மாதச் செலவுக்கான 6 லட்சம் தொடக்கூடாதது. மிச்சம் 2 லட்சம்தான் உங்கள் வரம்பு. உடைத்தால் வட்டியில் அபராதம் பிடிப்பார்கள், அதைவிட எஃப்.டி.யின் மேலேயே 1.75 லட்சம் கடன் எடுங்கள். வழக்கமாக எஃப்.டி. வட்டியைவிட 1 முதல் 2 சதவீதம் கூடுதல். மாதம் 40,000 கட்டினால் ஐந்து மாதத்தில் முடியும், வட்டி 4,000 ரூபாய்க்குள் அடங்கும். முழு 5.4 லட்சத்தையும் 14 சதவீத பர்சனல் லோனில், மூன்று வருடத்துக்கு எடுத்தால் இ.எம்.ஐ. சுமார் 18,500, வட்டி மட்டும் 1.24 லட்சம்.

காயிலும் ஆர்மும் கடன் முடிந்தபின், சம்பளத்திலிருந்து. ஒரு விதிவிலக்கு: எஞ்சின் மிஸ்ஃபயர் ஆனால் (பெட்ரோல் சரியாக எரியாமல் திக்கினால்) காயிலை முன்னுக்குக் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வெர்ட்டர் பாழாகும். ஆர்மின் முனையில் இருக்கும் பால் ஜாயின்ட்டில் ஆட்டம் தெரிந்தால் ஆர்மும் அப்படியே. லெதர் வெறும் அழகு, காத்திருக்கட்டும். கூரைத் துணி கிழியாதவரை அதுவும்தான். ஆனால் கூரையின் வடிகால் துளைகளை இப்போதே சுத்தம் செய்யுங்கள், செலவே இல்லை.

இன்ஷூரன்ஸ் தேய்மானத்துக்குப் பணம் தராது. ஐந்து வருடம் தாண்டிய காருக்கு ஐ.டி.வி. (பாலிசியில் காருக்குக் குறிக்கும் மதிப்பு) இரு தரப்பும் பேசி முடிவுசெய்வது. பில்களைப் பத்திரப்படுத்தி, புதுப்பிக்கும்போது காட்டிப் பேசுங்கள்.

எஸ்டிமேட்டில் இல்லாத ஒரு செலவு: 2007-இல் பதிவான காரின் ஆர்.சி. 2022-இல் ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டிருக்கும், 2027-இல் காலாவதி. 20 வருடம் தாண்டிய இறக்குமதி காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 80,000 ரூபாய், மாநிலப் பசுமை வரி தனி. லெதருக்கு வைத்திருக்கும் பணத்தை முதலில் இதற்கு ஒதுக்குங்கள். காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம்.