டிஸ்கோ இரவுகளில் பழைய டிஜேக்களைக் கொண்டாடுவது ஏன்?

பாட்டுப் போட்டவர்களுக்கு எதற்கு இவ்வளவு மரியாதை என்று கேட்டிருக்கிறீர்கள். டிஸ்கோவை வளர்த்ததே அவர்கள்தான். நியூயார்க்கில் பிரான்சிஸ் கிராசோ, ஓடும் இசைத்தட்டின் தாளத்தோடு அடுத்ததன் தாளத்தைப் பொருத்தி, ஆட்டம் நிற்காமல் பார்த்துக்கொண்டார்.

டேவிட் மன்குசோவின் வழி வேறு. எனக்கு மிகவும் பிடித்தவர் இவர். 1970-இல் தன் வீட்டிலேயே 'லாஃப்ட்' விருந்துகளைத் தொடங்கினார். அழைப்பு இருந்தால்தான் அனுமதி, மது விற்பனை கிடையாது. கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர், ஒருபாலீர்ப்பாளர் எல்லோரும் அங்கே அச்சமின்றிச் சேர்ந்து ஆடினார்கள். ஒலி துல்லியமாக இருக்க அவர் பட்ட பாடு தனிக் கதை.

அங்கே ஆடப் போன லாரி லெவன் அப்புறம் பாரடைஸ் கராஜ் என்ற நியூயார்க் நடன கிளப்பில் 1987 வரை டிஜேவாகக் கோலோச்சினார். அவருடைய நண்பர் ஃபிராங்கி நக்கிள்ஸ் 1977-இல் சிகாகோவின் வேர்ஹவுஸ் கிளப்புக்கு டிஜேவாகப் போனார். ஹவுஸ் என்ற மின்னணு நடன இசைக்கு வித்திட்டது அந்த இரவுகள்தான்.