டாக்டருக்கும் இன்ஜினியருக்கும் நடுவில் ஒரு படிப்பு

வணக்கம் அம்மா. உங்கள் மகள் கணினிவழி உயிரியல், அதாவது உயிரியல் கேள்விகளுக்குக் கணினியும் கணக்கும் வைத்து விடை தேடும் படிப்பு, படிக்க ஆசைப்படுகிறாள். டாக்டரும் ஆகாமல் இன்ஜினியரும் ஆகாமல் நடுவில் நின்றுவிடுவாளோ என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். அவளிடம் பேசிப் பார்த்தேன். உயிரியல் அவளுக்குத் தானாக வருகிறது. கணக்கில்தான் தயக்கம். நான் கவலைப்படுவது அந்தத் தயக்கத்தைப் பற்றித்தான், நடுவில் நிற்பதைப் பற்றி இல்லை.

வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளாமல் இருக்க வார்ஃபரின் என்ற மாத்திரை தருவார்கள். ஒருவருக்குப் பொருந்தும் அளவே இன்னொருவருக்கு இரத்தக்கசிவை உண்டாக்கிவிடலாம். சிஒய்பி2சி9, விகேஓஆர்சி1 என்ற இரண்டு மரபணுக்களில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாடு இதற்கு ஒரு முக்கியக் காரணம். வயது, எடை, கூடவே சாப்பிடும் மற்ற மருந்துகள் எல்லாமும் சேரும். இத்தனையையும் வைத்து 'இவருக்கு இவ்வளவு' என்று கணிப்பது துல்லிய மருத்துவத்தின் ஒரு பகுதி. அந்தக் கணிப்பு முறையை உருவாக்குபவர்களில் ஒருத்தியாக உங்கள் மகள் இருக்கலாம்.

கஷ்டம் எங்கே என்றால், மனிதனுக்குப் புரதம் உண்டாக்கும் மரபணுக்கள் மட்டும் சுமார் 20,000. ஓர் ஆய்வில் சேரும் நோயாளிகளோ பல நேரங்களில் சில நூறு பேர்தான். இப்படிப்பட்ட தரவைக் கொடுத்தால் மெஷின் லேர்னிங், அதாவது தரவைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் கணினி முறை, ஏதாவது ஒரு தொடர்பைக் கண்டுபிடித்தே தீரும், அது தற்செயலாக வந்ததாக இருந்தாலும். என்னிடம் வந்த ஒரு மாணவன், புற்றுநோய்த் திசுப் படங்களை வகை பிரிக்கும் மாடல் செய்திருந்தான். தப்பே செய்யாத மாதிரி இருந்தது. அப்புறம் பார்த்தால், ஒரே நோயாளியின் படங்கள் மாடலின் பயிற்சிக்கும் போயிருக்கின்றன, சோதனைக்கும் போயிருக்கின்றன. ஏற்கெனவே பார்த்த கேள்வியையே பரீட்சையில் கேட்ட மாதிரி. நோயாளிவாரியாகப் பிரித்து ஓட்டியதும் மதிப்பெண் சரிந்துவிட்டது. பையன் உடைந்துபோனான். ஆனால் நேர்முகத் தேர்வில் அவன் அதிகம் பேசியது அந்தத் தவற்றைத் தானே பிடித்த கதையைத்தான், வேலையும் கிடைத்தது. மாடலை ஓட்டத் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். அது சொல்வதை நம்பலாமா என்று சோதிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அதற்கு வேண்டியது புள்ளியியல்.

அதனால் பட்டத்தின் பெயரில் ஏஐ இருக்கிறதா என்று பார்த்துச் சேர்க்காதீர்கள். பாடத்திட்டத்தை வாங்கி, நிகழ்தகவு, புள்ளியியல், நேரியல் இயற்கணிதம், மரபியல் இவை ஒழுங்காக இருக்கின்றனவா என்று பாருங்கள். பைத்தான், ஆர் என்ற நிரல் மொழிகள், லினக்ஸ் என்ற இயங்குதளம் எல்லாம் பழகப் பழக வந்துவிடும்.

நடுவில் நிற்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற ஏஐ நிரலுக்காக 2024-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் டெமிஸ் ஹசாபிஸ் முதலில் படித்தது கணினி அறிவியல், பிறகு மூளை அறிவியலில் முனைவர் பட்டம். ஜான் ஜம்பர் இயற்பியலும் கணிதமும் படித்துவிட்டு வேதியியலுக்கு வந்தவர்.

ஒன்றை மறைக்கக் கூடாது. மருந்து நிறுவனங்களிலும் மரபணுப் பரிசோதனைக் கூடங்களிலும் வேலை உண்டு, ஆனால் ஆராய்ச்சியை வழிநடத்தும் இடங்களுக்குப் பெரும்பாலும் முதுகலையோ முனைவர் பட்டமோ கேட்பார்கள். வருடக்கணக்கில் ஆகும். அதுவரை வீடு பொறுத்திருக்க முடியுமா என்பதை அவளோடு உட்கார்ந்து பேசுங்கள். முடியாது என்றால், இளங்கலையோடு தரவு அறிவியல் வேலைக்குப் போக இதே புள்ளியியல் கைகொடுக்கும்.

இந்த விடுமுறையில் ஒரு சோதனை வைத்துப் பாருங்கள். ரோசலிண்ட் என்ற இணையதளத்தில் உயிரியல் கணக்குகளை நிரல் எழுதித் தீர்க்கலாம். அதில் முதல் இருபதைப் போடட்டும். பிறகு டிசிஜிஏ என்ற புற்றுநோய் மரபணுத் தரவுத் தொகுப்பு. 33 வகைப் புற்றுநோய்களில் 11,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவு அங்கே இருக்கிறது, பெரும்பகுதி யாருக்கும் திறந்ததுதான். ஒரே ஒரு மரபணுவை எடுத்து, இரண்டு புற்றுநோய் வகைகளில் அதன் செயல்பாட்டு அளவு எப்படி மாறுகிறது என்று வரைபடம் போடட்டும். பிழை வந்து நிற்கும்போது அவள் எழுந்து போகிறாளா, மறுபடி உட்கார்கிறாளா என்று கவனித்துவிட்டு, என்னை வந்து பாருங்கள்.