மைத்துனர் சொன்னார் என்று வீட்டை அடமானம் வைக்காதீர்கள்

கேள்வி: என் மனைவிக்கு வயது 46. மார்பகப் புற்றுநோய் கல்லீரலுக்கும் எலும்புக்கும் பரவிவிட்டது. அவளுடைய தங்கையின் ஸ்டெம் செல்லை (ரத்த அணுக்களை உருவாக்கும் மூல செல்) ஏற்றினால் குணமாகும் என்று மைத்துனர் ஒரு மருத்துவமனையில் பேசிவைத்திருக்கிறார். 22 லட்சம் கேட்கிறார்கள். கையில் 2 லட்சம்தான் உள்ளது. வீட்டை அடமானம் வைத்து மீதி 20 லட்சம் வாங்கலாமா? சம்பளம் 58,000. பர்சனல் லோனுக்கு மாதம் 8,500 போகிறது. போன வருடம் மைத்துனர் சொன்ன இயற்கை சிகிச்சைக்காக நகையை வைத்து வாங்கிய 5 லட்சமும் நிற்கிறது. மகள் பிளஸ் ஒன். - ஈரோடு வாசகர்

பதில்: கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் மனைவிக்கு இப்போது கீமோ கொடுக்கும் மருத்துவர் இதைப் பற்றி என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. மைத்துனர் சொல்கிறார், நீங்கள் கடன் வாங்குகிறீர்கள். போன வருடமும் இதுதான் நடந்தது. தன் தங்கையான உங்கள் மனைவி மேல் அவருக்குள்ள பாசத்தைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் தவணை கட்டப்போவது நீங்கள்.

10 வருடம், 11 சதவீத வட்டி என்றால் 20 லட்சத்துக்கு மாதம் ஏறத்தாழ 27,500. நகைக்கடன் வட்டி சுமார் 5,000. பர்சனல் லோனையும் சேர்த்தால் 41,000. மிச்சம் 17,000-இல் சாப்பாடு, மகள் படிப்பு, மருந்து எல்லாம் நடக்க வேண்டும். கடன் முடியும்போது 33 லட்சம் கட்டியிருப்பீர்கள். செலவு 22 லட்சத்தோடு நிற்கவும் நிற்காது. தானமாக வந்த செல்கள் நோயாளியின் தோல், குடல், கல்லீரலையே தாக்கக்கூடும். அதை அடக்க மாதக்கணக்கில் மருந்து, திரும்பத் திரும்ப அட்மிஷன்.

நான் மருத்துவன் அல்ல. ஆனாலும் இவ்வளவு பணம் கேட்கும்போது விசாரிக்காமல் இருக்க முடியாது. ரத்தப் புற்றுநோய்க்குக் கொடையாளர் ஸ்டெம் செல் மாற்று நிலைபெற்ற சிகிச்சை. பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு அப்படி அல்ல. சிறு ஆய்வுகளில் சிலருக்குக் கட்டி சுருங்கியது, ஆயுள் கூடும் என்று நிரூபணமாகவில்லை. 1990-களில் அமெரிக்காவில் நோயாளியின் சொந்த செல்லையே எடுத்து, கடுமையான கீமோவுக்குப் பின் திரும்ப ஏற்றினார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் அந்த வேதனையைத் தாங்கினார்கள். 2000-இல் வெளியான ஃபிலடெல்பியா ஆய்வில், மூன்று வருடம் கழித்து உயிரோடிருந்தவர்கள் அந்தச் சிகிச்சையில் 32 சதவீதம், வழக்கமான கீமோவில் 38 சதவீதம். பெரிய பலன் கிடைத்ததாகச் சொன்ன தென்னாப்பிரிக்க மருத்துவர் வெர்னர் பெஸ்வோடாவின் ஆய்வு அதே வருடம் மோசடி என்று அம்பலமானது. அந்தப் பெண்களை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

ஆகவே அந்த மருத்துவமனையிடம், இது வழக்கமான சிகிச்சையா, ஆய்வா என்று எழுத்தில் கேளுங்கள். ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் பதிவு எண் இருக்க வேண்டும். ஆய்வில் சேருபவரிடமே 22 லட்சம் வாங்குவது முறையல்ல. அந்தக் காகிதத்தோடு இப்போதைய மருத்துவரையும், அடையாறு புற்றுநோய் மையம் போன்ற இடத்தில் இன்னொருவரையும் பாருங்கள். எந்த மருந்து பலிக்கும் என்று காட்டும் ஹார்மோன், ஹெர்2 பரிசோதனை முடிவுகளை வைத்து அடுத்து என்ன மருந்து என்று கேளுங்கள். பணம் அங்கேதான் தேவைப்படும், அந்த 2 லட்சத்தைத் தொடாதீர்கள்.

அலுவலகக் குழுக் காப்பீட்டில் மனைவி பெயர் இருக்கிறதா, அதில் இன்னும் எவ்வளவு தொகை பயன்படுத்தலாம் என்று எச்.ஆரிடம் கேளுங்கள். 'வட்டியில்லா மெடிக்கல் இ.எம்.ஐ.' என்று வரும் ஆப்களின் பக்கமே போகாதீர்கள். நகையில் ஒரு பகுதியை விற்று நகைக்கடனை முடித்தால் மாதம் 5,000 மிச்சம். ஆனால் நகை உங்கள் மனைவியுடையது, அவரைக் கேட்டுச் செய்யுங்கள். இந்தச் சிகிச்சை வேண்டுமா என்றும் அவரைக் கேளுங்கள். கடிதத்தில் அவர் சொன்னதாகவும் ஒரு வரி இல்லை.

இரண்டு மருத்துவர்களின் பதிலும் கைக்கு வரும்வரை அட்வான்ஸ் என்று ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். மைத்துனரையும் அந்தச் சந்திப்புகளுக்கு அழைத்துப் போங்கள்.