வளவும் முற்றமும் ஒன்றா?

கேள்வி: கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டைப் புதுப்பிக்கிறோம். வரைபடம், வேலைக் குறிப்பு, எஸ்டிமேட் மூன்றையும் ஆளுக்கு ஒன்றாக மூன்று பேர் எழுதினோம். ஒன்றில் ‘வளவு’, ஒன்றில் ‘முற்றம்’, இன்னொன்றில் ‘கோர்ட்யார்ட்’. கடைசியில் ஆத்தங்குடிக் கல் 600 சதுர அடி குறைவாக வந்து இறங்கியது. ஆன்டாலஜி போட்டால் இதெல்லாம் வராது என்கிறான் மகன். நிஜமா ஐயா?
- ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: மகன் சொல்வது சரிதான், ஆனால் அவன் நினைப்பது போல மென்பொருளை இறக்கியதும் தீர்கிற விஷயம் இல்லை. ஆன்டாலஜி என்பது எது என்ன, எதற்கு எது என்ன உறவு என்று கணினிக்குப் புரியும்படி எழுதி வைப்பது. வெறும் சொற்பட்டியல் என்றால் வளவுக்கு முற்றம் என்றும் பெயர் உண்டு என்று எழுதி முடித்துவிடும், உங்களுக்கு 600 அடி போனதே அங்கேதான். முற்றம் என்று நீங்கள் அளந்தது வானம் பார்த்த நடுப்பகுதியை மட்டும்; கல் பதிக்க வேண்டியது சுற்றுத் தாழ்வாரத்தில். ஆன்டாலஜியில் ‘முற்றம் வளவின் ஒரு பகுதி, தாழ்வாரம் இன்னொரு பகுதி, ஒன்று மற்றொன்று ஆகாது’ என்று உறவையும் சேர்த்து எழுதுவோம்.

நகரத்தார் வீட்டு அப்பத்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே கோயில், ஒரே பிரிவு என்றால் பங்காளி, பங்காளிக்குள் பெண் கொடுப்பதில்லை. இந்த இரண்டே விதியை வைத்துக்கொண்டு, முகமே பார்க்காத பையனைப் பற்றி, ‘அது ஆகாதப்பா, அண்ணன் தங்கை முறை’ என்று ஊஞ்சலில் இருந்தபடியே சொல்லிவிடுவார். ரீசனர் என்ற நிரல் செய்வதும் இதைத்தான். விதிகளை எழுத ஆவுல் என்ற மொழி இருக்கிறது, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அதை 2004-இல் தரமாக அறிவித்தது. எழுதிப் பார்க்க ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் புரோட்டெஜே என்ற மென்பொருள் இலவசம்.

இரண்டு இடத்தில் கால் இடறும். ஒன்று, பையனின் கோயில் எது என்று சொல்லாவிட்டால் அப்பத்தா ‘கேட்டுச் சொல்லு’ என்பாரே தவிரத் தப்பு என்று சொல்ல மாட்டார். ஆவுலும் அப்படித்தான், எஸ்டிமேட்டில் தாழ்வாரத்தின் அளவே விட்டுப்போனாலும் வாய் திறக்காது. விட்டுப்போனதைப் பிடிக்க ஷாக்கிள் என்று தனியாக இன்னொரு மொழி உண்டு, 2017-இல் வந்தது, உங்களுக்கு அதுவும் வேண்டும். இன்னொன்று எனக்கே நடந்தது: ஒரு தரைக்கு ஒரே கல்தான் என்று விதி போட்டுவிட்டு, அதே தரைக்கு ஒரு வரியில் ஆத்தங்குடி, இன்னொரு வரியில் கிரானைட் என்று வேண்டுமென்றே தப்பாக எழுதிப் பார்த்தேன். கத்தும் என்று காத்திருந்தால், ‘அப்படியானால் இரண்டும் ஒரே கல்’ என்று முடிவு கட்டி உட்கார்ந்திருக்கிறது! இரண்டும் வேறு வேறு என்று தனியாகச் சொன்ன பிறகுதான் முரண் என்றது.

சரி, முதலில் என்ன செய்வது? மூன்று பேரும் கொத்தனாரோடு வீட்டுக்குள் போய், முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று நடந்தே ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுங்கள். மூன்று ஆவணத்திலும் அந்த எண் வரட்டும், பெயர் எதுவாகவும் இருந்துவிட்டுப் போகட்டும். பட்டாலை எங்கே முடிகிறது என்பதில் உங்களுக்குள்ளேயே சண்டை வரும், அதை அங்கேயே முடித்துவிடுங்கள். அப்புறம் மகனைக் கூப்பிடலாம்.

குறைகிற கல்லுக்கு அதே பட்டறையில் சொல்லுங்கள். கையால் வார்க்கிற கல், வேறு பட்டறையில் வாங்கினால் நிறம் ஒட்டாது.