அரசியல்வாதியின் பிள்ளை எதிரணிக் கருத்தைப் பேசினால், அது பெற்றவருக்குச் செய்யும் துரோகமா?

துரோகம் இல்லை. மலேசியாவின் பினாங்கில் ஒரு கட்சிக் கிளைத் தலைவரின் மகளாக வளர்ந்து, இன்று அந்தக் கட்சியின் போக்கைக் கண்டித்துத் தமிழில் எழுதியும் பேசியும் வருகிறேன். பட்டுத்தான் சொல்கிறேன்.

பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டு முன்வாசலில் எந்நேரமும் நாலு பேர் காத்திருப்பார்கள். பலர் தோட்டத்து முதியவர்கள். இந்த மண்ணிலேயே பிறந்தும் பிறப்புப் பத்திரம் இல்லாமல், குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளியவர்கள். எனக்கு மலாய் நன்றாக வரும் என்பதால் பன்னிரண்டு வயதிலிருந்து மனுக்களை நான்தான் எழுதுவேன். அப்பா கையெழுத்திட்டு, ஊதா மையில் கிளை முத்திரையைக் குத்துவார். ஒரு பாட்டியின் பெருவிரலை மையில் தோய்த்து மூன்று முறை அழுத்தினோம். ரேகை விழவே இல்லை. பால்மரம் சீவிச் சீவி விரல் வழவழவென்று தேய்ந்திருந்தது.

என் அரசியல் அந்தப் பெருவிரலில்தான் தொடங்கியது. குடியுரிமை கிளைத் தலைவரின் முத்திரையை நம்பி இருக்கக் கூடாது, உரியவர் நேராகப் போய்க் கேட்டாலே கிடைக்க வேண்டும், மக்களைச் சிபாரிசுக்குப் பழக்கி வைப்பது அவர்களை ஏழையாகவே வைத்திருப்பது என்று ஒரு கலந்துரையாடலில் பேசினேன். அப்பா முழுவதும் கேட்டிருக்கிறார். இரவு சாப்பிடும்போது, “நீ சொன்னது என் முத்திரையைத்தானே?” என்றார்.

“ஆமாம், அப்பா.”

“நீ சொல்வது சரியாகவே இருக்கட்டும், அம்மா. சட்டம் மாறும்வரை அந்தப் பாட்டி எங்கே போவாள்?”

என்னிடம் பதில் இல்லை. அடுத்து எழுதிய கட்டுரையை அவருடைய கேள்வியோடுதான் தொடங்கினேன். எதிரணியில் எனக்குக் கிடைத்த மிகக் கடுமையான கேள்வி அதுதான். அதைத் தவிர்த்துவிட்டு எழுதியிருந்தால், அதை வேண்டுமானால் துரோகம் என்று சொல்லலாம்.

வெளியே பலர் இப்படிப் பேசியிருக்கிறார்கள். அமெரிக்க அதிபராக இருந்த ரொனால்ட் ரீகன், குடியரசுக் கட்சியின் அடையாளமாகவே கருதப்பட்டவர். 2004 ஜூன் 5 அன்று மறதி நோயோடு காலமானார். அடுத்த மாதமே அவருடைய மகன் ரான் ரீகன், பாஸ்டனில் எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் மாநாட்டு மேடையில் ஏறினார். கட்சி அரசியல் பேச வரவில்லை என்று சொல்லித்தான் ஆரம்பித்தார். பேசியது, மனிதக் கருவின் உயிரணுக்களைக் கொண்டு நோய்களுக்குத் தீர்வு தேடும் கருமூல உயிரணு ஆராய்ச்சியைப் பற்றி. அதற்கான அரசு நிதிக்கு 2001இல் வரம்பு விதித்தவர் அப்பாவின் கட்சியைச் சேர்ந்த அதிபர் புஷ். பின்னர் ரான் இடதுசாரிச் சார்புள்ள வானொலி விமர்சகராக அறியப்பட்டார். அவருடைய அண்ணன் மைக்கேலோ பழமைவாத வானொலிக்காரர். ஒரே அப்பா, இரண்டு ஒலிவாங்கிகள்.

நம் நாட்டில், முன்னாள் பிரதமர் மகாதீரின் மகள் மரினா மகாதீர். அப்பா பிரதமராக இருந்தபோதே மலேசிய எய்ட்ஸ் மன்றத்தின் தலைமையை ஏற்று, பலர் வாய் திறக்கத் தயங்கிய விஷயங்களைப் பத்திகளில் எழுதியவர். 2006இல் மலேசிய முஸ்லிம் பெண்களின் நிலையைத் தென்னாப்பிரிக்க நிறவெறிக் கொள்கையோடு ஒப்பிட்டு எழுதி, பெரும் எதிர்ப்பைச் சந்தித்தார். வீதிப் போராட்டங்களை விரும்பாத மகாதீரோ 2015 ஆகஸ்டில், தூய்மையான தேர்தல் கேட்டு நடந்த பெர்சே 4 வீதிப் பேரணியில் தாமே வந்து நின்றார். பெற்றவர்களும் ஒரே இடத்தில் நின்றுவிடுவதில்லை.

விலை கொடுப்பது பெரும்பாலும் நாம் அல்ல, அவர்கள்தான். “பெற்ற பிள்ளையைத் திருத்த முடியாதவர் கிளையை எப்படி நடத்துவார்?” என்று ஒரு கூட்டத்தில் அப்பாவின் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறார்கள். அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதன் பிறகும் எழுதுகிறேன். ஒன்றை மட்டும் கண்டிப்பாக வைத்திருக்கிறேன்: வீட்டுக்குள் காதில் விழுந்த எதையும் எழுதுவதில்லை, யாரிடமும் சொல்வதும் இல்லை. கட்சிக்காரர்கள் தொலைபேசியில் அழைத்தால், நான் பக்கத்தில் இருந்தாலும் அப்பா இன்றுவரை எழுந்து வெளியே போவதில்லை. உட்கார்ந்த இடத்திலேயே, குரலைத் தாழ்த்தாமல் பேசுகிறார்.